மைக்கணக்கு

தமிழ் அச்சு வரலாறு குறித்த எழுத்துகளுக்குப் பஞ்சமில்லை. முதல் நூல் எது, அச்சுப்பொறி எந்தத் துறைமுகத்தில் வந்திறங்கியது, எழுத்துகளை வார்த்தவர் யார் என்னும் வினாக்களுக்கெல்லாம் ஆண்டும் பெயரும் குறித்து விடை எழுதி வைத்திருக்கிறார்கள். மைக்கு மட்டும் அந்த வரலாற்றில் ஓரிரு வரிகளே கிடைத்திருக்கின்றன. ஓர் அச்சு வேலைக்கு எவ்வளவு மை தேவைப்படும் என்பது அச்சகத்தார் போடும் வணிகக் கணக்கு. இலக்கியம் படிப்போருக்கு அதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். எழுத்தின் வடிவமும் பொருளும் அந்தக் கணக்குக்குள் அகப்பட்டுக் கிடக்கின்றன என்பதே நம் விடை.

கல்வெட்டிலிருந்து தொடங்குவோம். விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் பாதாளீசுவரர், பிரம்மபுரீசுவரர் என இரு சோழர் காலக் கோயில்கள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களில் கல்வெட்டுகள் நிறைந்திருக்கின்றன. அண்டையூரான எண்ணாயிரத்தின் கல்வெட்டொன்று, முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கிருந்த கல்விச்சாலையின் 340 மாணாக்கருக்கும் அளக்க வேண்டிய நெல்லைக் கணக்கிட்டுச் சொல்கிறது. இப்படி நாழிக்கணக்காக நெல்லை அளந்து பொறித்தவர்களுக்கு எழுத்துக்கென மையை அளக்கும் தேவை இருக்கவில்லை. உளியின் பள்ளமும் வெயிலின் நிழலும் போதுமாயிருந்தன.

அந்த எழுத்தைத் தாளுக்குக் கொண்டுவரும்போதுதான் மை வருகிறது. கல்வெட்டாய்வாளர் மைப்படி எடுக்கும் முறையைப் பலரும் அறிவர். சுவரைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளைப் பள்ளங்களுக்குள் இறக்குவார்கள். பிறகு மை தோய்ந்த பஞ்சுப் பொதியால் மேற்பரப்பை ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், பள்ளம் வெளுத்தே இருக்கும். ஆகவே மைப்படியில் மையைக் குடிப்பது எழுத்தல்ல, எழுத்தில்லாத இடம். அச்சில் இது தலைகீழ். அங்கே எழுத்து மட்டுமே மை பூசிக்கொள்கிறது. மைக்கணக்கின் முதல் விதி இந்த ஒப்பீட்டிலேயே புலப்படும்: தாளின் பரப்பை மட்டும் அறிந்தால் போதாது, அதில் எத்தனை பங்கு கறுக்கிறது என்பதையும் அறிய வேண்டும்.

இக்கால ஆஃப்செட் அச்சகத்தில் மையின் அளவை நான்கு செய்திகள் தீர்மானிக்கின்றன: அச்சேறும் பரப்பு, அதில் மை படியும் விழுக்காடு, படிகளின் எண்ணிக்கை, ஒரு சதுர மீட்டரை முழுக் கறுப்பாக்கத் தேவையான மையின் எடை. இறுதியானது மைக்கும் தாளுக்கும் ஏற்ப மாறும். வழவழப்பான தாளில் குறையும், மை உறிஞ்சும் சொரசொரப்பான தாளில் கூடும். ஏறத்தாழ 1 முதல் 1.5 கிராம் என்று கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. டெம்மி அளவில் 200 பக்கக் கவிதையாராய்ச்சி நூல், 1000 படிகள். பக்கத்தில் எழுத்து நிற்கும் பகுதி 10.5 × 17.5 சென்டிமீட்டர். எல்லாப் பக்கங்களும் எல்லாப் படிகளும் சேர்ந்து 3,675 சதுர மீட்டர். வரிகளுக்கிடையிலான வெளியையும் எழுத்தின் உள்வெளியையும் கழித்து நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கறுக்கிறது என்று வைத்தால் 441 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1.5 கிராம் என்றால் மை ஏறத்தாழ 660 கிராம். உருளைகளிலும் மைத்தொட்டியிலும் தங்குவது, ஓட்டம் சீராகும்வரை கழியும் தாள்களில் போவது, கழுவும்போது வீணாவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோ. அதே நூலுக்குச் சதுர மீட்டர் 60 கிராம் எடையுள்ள தாள் 180 கிலோ வேண்டும். 180 கிலோ வெண்மையை நூலாக்குவது ஒரு கிலோ கறுப்பு!

படங்கள் வந்துவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. தீப்பெட்டி, பட்டாசுச் சீட்டுகளை அச்சடித்து வளர்ந்த சிவகாசியின் நாட்காட்டிகளில் நான்கு வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டு என்பது அங்கே சில இடங்களில் நூற்றுக்கு இருநூறையும் தாண்டும். இன்று கணிப்பொறி பக்கத்தை நுண்புள்ளிகளாகப் பகுத்து எண்ணிவிடுகிறது. ஈய எழுத்துக் காலத்தில் அச்சகத்தாரின் கண்மதிப்பே கணக்கு.

இனி வரலாற்றுக்கு வருவோம். தமிழகக் கடற்கரையில் அச்சுப்பொருள்களை அளந்து செலவிட வேண்டிய நெருக்கடி தரங்கம்பாடியில் தெளிவாகத் தெரிகிறது. 1712இல் அங்கே அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. செருமனியின் ஆலே நகரில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, தாளை விழுங்கின. தாளோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியபோது தட்டுப்பாடு முற்றியது. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். எஞ்சிய பகுதி அச்சிற்றெழுத்துகளில் அச்சாகி 1715இல் நூல் நிறைவுற்றது. பொறையாற்றில் எழுத்து வார்ப்பும் காகித ஆலையும் மை தயாரிப்பும் ஏற்பட்டன.

இந்நிகழ்ச்சியைத் தாள் சிக்கனம் என்றே எல்லோரும் எழுதுவர். மையின் பக்கமிருந்தும் பார்க்கலாம். எழுத்தின் உயரத்தை முக்காலாகக் குறைத்தால் அகலமும் முக்காலாகும். பரப்பு பதினாறில் ஒன்பது பங்காகச் சுருங்கும். தாளும் மையும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆனால் சிற்றெழுத்து மையை மிகுதியும் பொறுக்காது, குறைவும் பொறுக்காது. அக்காலத்தில் புகைக்கரியை நன்கு காய்ச்சிய எண்ணெயில் அரைத்துக் குழம்பாக்கி, தோலுறை உருண்டைகள் இரண்டால் எழுத்தின்மேல் ஒற்றி மையிட்டார்கள். உருளை வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கை சற்று அழுந்தினால் ‘ண’கரத்தின் சுழி அடைபடும். கை தளர்ந்தால் மெல்லிய கோடு விடுபடும்.

1862இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வின்சுலோவின் அகராதி வெளிவந்தது. 67,000க்கும் மேற்பட்ட சொற்களை ஒரே தொகுதியில் அடக்கியது. எழுத்து சிறுத்து, மையும் அளவாகப் படிந்திராவிட்டால் அது நடந்திராது.

மைக்கணக்கில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது புள்ளி. ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி அழுந்தினால் ஓலை பொத்துப்போகும். கீறிய பின் கரியைத் தடவித் துடைப்பதே மையிடுதல். புள்ளியில்லாத ஓலையில் ‘கல’ என்றிருப்பது ‘கல்’லா ‘கல’வா என்பதை இடம் நோக்கியே உணர வேண்டும். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’மும் அந்த ஓலை மரபையே பின்பற்றியது, அதிலும் புள்ளி இல்லை. ஈயத்துக்குப் பொத்தல் விழும் அச்சமில்லை. தொல்காப்பியம் விதித்த புள்ளி, அச்சு எழுத்தில்தான் நிலையாக வந்தமர்ந்தது.

வந்தமர்ந்ததும் அது மையின் தயவில் வாழத் தொடங்கியது. நம் எடுத்துக்காட்டு நூலுக்கே திரும்புவோம். பக்கத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 1000 படிகளுக்கு ஆறு கோடிப் புள்ளிகள். ஒவ்வொன்றும் 0.4 மில்லிமீட்டர் குறுக்களவு என்று கொண்டால் அத்தனைக்கும் சேர்த்துச் செலவாகும் மை ஏறத்தாழ 11 கிராம். ஒரு கிலோவில் பதினொரு கிராம்! ஆனால் மை மெலியும்போது முதலில் காணாமல் போவது அதுதான். மலிவுத்தாளில் அவசரமாக அச்சடித்த பழைய பதிப்புகளைப் பார்த்தால், ஒரு படியில் இருக்கும் புள்ளி இன்னொரு படியில் இல்லை. பிழைதிருத்தியவர் மீது நாம் ஏற்றும் பழியில் ஒரு பகுதி மையைச் சேர வேண்டியது. பாடவேறுபாடு என்று குறிக்கும் முன் மற்றொரு படியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பதிப்பாய்வாளர் கடமையாகிறது.

நுண்ணொளிப்படத்துக்கும் இது பொருந்தும். மங்கிய பக்கத்தைக் கணிப்பொறிக்கு ஏற்றும்போது கறையும் புள்ளியும் ஒன்றுபோல் தெரியும். கறையை நீக்கும் முனைப்பில் புள்ளியையும் நீக்கிவிட்டால், அச்சு தந்ததை மீண்டும் ஓலைக்கே திருப்பி அனுப்பியவர்கள் ஆவோம்.

மைக்கு ஆறுதலான மறுபக்கமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து பெருகிய மரக்கூழ்த் தாள், தன்னுள் இருக்கும் அமிலத்தால் பழுத்து நொறுங்குகிறது. மையிலுள்ள கரி அப்படி மாறுவதில்லை. கை பட்டால் உதிரும் ஏட்டிலும் எழுத்து கறுப்பாகவே நிற்கிறது. 180 கிலோ தாள் மடிய, ஒரு கிலோ மை உயிரோடிருக்கிறது. ஆனால் பற்றிக்கொள்ள இடமில்லாத எழுத்தாக.

பிரம்மதேசத்துச் சுவர் ஆயிரம் ஆண்டு நின்றதற்குக் கல் காரணம். அச்சு நூலுக்கு அந்தப் பேறில்லை. தாள் உதிருமுன் படியெடுத்துக் காப்பது ஒன்றே வழி. அவ்வாறு படியெடுப்போர் பக்கங்களை எண்ணினால் மட்டும் போதாது; புள்ளிகள் வந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பதினொரு கிராம்தான். ‘கல்’லும் ‘கல’வும் வேறு வேறு சொற்களாக நிற்பது அந்தப் பதினொரு கிராமில்தான்.