நெகட்டிவ் கையாளும் கையுறை

நெகட்டிவ் கையாளும் கையுறை என்பது, ஒளிப்பட நெகட்டிவ்களை (எதிர்ப்படிமங்களை) உறையில் இருந்து எடுக்கும்போதும், வருடியில் வைக்கும்போதும், அடுக்கிச் சேமிக்கும்போதும் அவற்றின் மேல் விரல் தடம் படாதிருக்க அணியப்படும் மெல்லிய கையுறை ஆகும். ஆவணக் காப்பகங்கள், அருங்காட்சியகங்கள், ஒளிப்படக் கூடங்கள் ஆகியவற்றில் இது பயன்படுகின்றது. பருத்தி, நைலான், நைட்ரைல் ஆகியவற்றால் ஆன கையுறைகள் பரவலாக வழக்கில் உள்ளன. எல்லா நெகட்டிவ்களுக்கும் பொருந்தும் ஒரே கையுறை என்று ஒன்றில்லை. படிமம் எந்தப் பொருளின் மேல் பூசப்பட்டுள்ளது, அப்பொருள் இன்று எந்நிலையில் உள்ளது என்பவற்றைப் பொறுத்தே தேர்வு அமைகின்றது.

விரல் தடத்தால் விளையும் கேடு

கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்றில், கண்ணாடி அல்லது நெகிழிப் படலத்தின் ஒரு பக்கத்தில் மெல்லிய ஜெலட்டின் பூச்சு இருக்கும். படிமத்தை உருவாக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்கள் இப்பூச்சினுள் பொதிந்துள்ளன. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றில் இருந்து பெறப்படும் புரதப் பொருள். ஈரம் பட்டால் உப்பி இளகும் இயல்புடையது. வண்ண நெகட்டிவ்களில் வெள்ளிக்குப் பதிலாகச் சாயங்கள் உள்ளன. எனினும் அவற்றையும் தாங்கி நிற்பது ஜெலட்டினே.

விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. அங்கு வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே உள்ளன. விரலில் காணப்படும் எண்ணெய், முகத்தையும் தலைமுடியையும் தொடுவதால் ஒட்டிக்கொள்வதாகும். இந்த எண்ணெயும் வியர்வையில் உள்ள உப்பும் அமிலங்களும் நெகட்டிவின் மேல் படியும்போது, உடனடியாக எதுவும் தெரியாமல் போகலாம். நாளடைவில் அவ்விடத்து வெள்ளி நிறம் மாறி, விரல் ரேகையின் வடிவம் படிமத்திலேயே பதிந்துவிடுகின்றது. ஈரப்பதம் மிகுந்த இடங்களில் பூஞ்சணம் பிடிப்பதற்கும் இத்தகைய அழுக்கு துணைபுரிகின்றது. படலத்தின் பளபளப்பான பின்பக்கத்தில் பட்ட புதிய தடத்தைப் படச்சுருள் துடைப்பதற்கான நீர்மத்தால் நீக்க முடியும். மங்கலாகத் தோன்றும் பூச்சுப் பக்கத்தில் ஊறிப்போன தடத்தை நீக்க இயலாது. அச்சிட்ட படம் கெட்டால் நெகட்டிவில் இருந்து மீண்டும் அச்சிடலாம். நெகட்டிவ் கெட்டால் அவ்வாறு திரும்பிச் செல்ல வேறு மூலம் இல்லை.

பருத்திக் கையுறை

வெண்ணிறப் பருத்திக் கையுறை ஆவணக் காப்பகத்தின் அடையாளமாகவே தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் காட்டப்படுகின்றது. இதன் புகழ் இதன் தகுதியை விடச் சற்று அதிகம் எனலாம். இது மலிவானது, துவைத்து மீண்டும் அணியத்தக்கது, வெப்பமான இடங்களிலும் கைக்கு இதமானது. நல்ல நிலையில் உள்ள நெகிழிப் படச்சுருளை வெட்டி உறையில் இடுவது போன்ற வேலைகளுக்கு, பஞ்சு உதிராத வகைப் பருத்திக் கையுறை போதுமானது.

இதன் குறைகள் மூன்று. முதலாவது, நெய்த துணி ஆதலால் வியர்வை ஊடுருவி வெளியே வரும். ஈரமான கையுறை வெறுங்கையை விடப் பெரிதும் மேலானதன்று. இரண்டாவது, துணியின் இழைகள் கண்ணாடித் தட்டின் உடைந்த ஓரத்திலும், செதிலாகப் பெயர்ந்து நிற்கும் பூச்சிலும் சிக்கி அதைப் பிய்த்துவிடும். மூன்றாவது, விரலின் தொடுவுணர்வைக் குறைத்துப் பிடிமானத்தை வழுக்கச் செய்யும். துவைக்கும்போது துணி மென்மையாக்கிகளைப் பயன்படுத்தினால் அவற்றின் எச்சம் இழைகளில் தங்கி நெகட்டிவுக்கு மாறும். நைலான் கையுறையில் பஞ்சு உதிர்வது குறைவு. ஆனால் நிலைமின்னேற்றம் எளிதில் தோன்றித் தூசியை ஈர்ப்பதுண்டு.

நைட்ரைல் கையுறை

நைட்ரைல் என்பது அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன் ஆகியவற்றில் இருந்து செய்யப்படும் செயற்கை இரப்பர் ஆகும். வியர்வையும் எண்ணெயும் இதனை எளிதில் ஊடுருவா. விரலோடு ஒட்டி நிற்பதால் பிடிமானம் நன்றாக இருக்கும். இக்காரணங்களால் ஒளிப்படப் பாதுகாப்பாளர் பலர் இன்று பருத்தியை விட இதனையே விரும்புகின்றனர். தூள் பூசாத வகையையே வாங்க வேண்டும். தூள் பூச்சின் மேல் படிந்து கீறலை உண்டாக்கும். தூள் பூசிய மருத்துவக் கையுறைகளை ஐக்கிய அமெரிக்கா 2017 ஆம் ஆண்டு முதல் தடை செய்துள்ளது; எனினும் அதற்குக் காரணம் நோயாளர், மருத்துவப் பணியாளரின் உடல்நலமே அன்றி ஒளிப்படங்கள் அல்ல.

இயற்கை இரப்பரால் ஆன லேடெக்ஸ் கையுறை சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்துகின்றது. இரப்பரைப் பதப்படுத்தப் பயன்படும் கந்தகம் வெள்ளியைக் கருமையாக்கும். நெகட்டிவ் கட்டுகளுக்கு இரப்பர் வளையம் போடக்கூடாது என்பதும் இதனாலேயே ஆகும். நைட்ரைல் கையுறைகள் பலவும் கந்தகம் கொண்டே பதப்படுத்தப்படுவதால், அவற்றைக் கழற்றி நெகட்டிவ் பெட்டிக்குள் போட்டு வைத்தல் தகாது. வினைல் கையுறைகளில் நெகிழ்வூட்டிகள் சேர்க்கப்பட்டிருப்பதால் அவையும் தவிர்க்கப்படுகின்றன.

கண்ணாடித் தட்டுகள்

1851 இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையிலும், 1871 இல் ரிச்சர்ட் லீச் மேடொக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர்தட்டு முறையிலும் கண்ணாடியே தாங்கியாக அமைந்தது. இத்தட்டுகளைப் பொறுத்தவரை விரல் தடத்தை விடக் கை நழுவுதலே பெரிய இடர் ஆகும். எனவே இவற்றுக்குப் பருத்திக் கையுறை ஏற்றதன்று. கைக்கு அளவான நைட்ரைல் கையுறையுடன், இரு கைகளாலும் எதிரெதிர் ஓரங்களைப் பற்றி எடுத்தல் வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் நிதியுதவியுடன் 2010களில் மேற்கொண்ட, தமிழ்நாட்டுப் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களை எண்ணிமமாக்கும் பணியிலும் இவ்வகைக் கண்ணாடித் தட்டுகள் இடம்பெற்றன.

சிதைந்துவரும் படச்சுருள்

இங்கு கையுறை காப்பது நெகட்டிவை மட்டும் அன்று, அணிபவரையும் ஆகும். 1889 இல் ஈஸ்ட்மன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த செல்லுலோசு நைட்ரேட்டுப் படச்சுருள், 1950களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. இது எளிதில் தீப்பற்றக்கூடியது. சிதையும்போது வெளியாகும் நைதரசன் ஒட்சைட்டுகள் ஈரத்துடன் சேர்ந்து நைத்திரிக் அமிலம் உண்டாகின்றது. படலம் மஞ்சளாகி ஒட்டும் தன்மை பெறுகின்றது. அதன் பின் வந்த செல்லுலோசு அசிட்டேட்டு சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகி, வினாகிரி நாற்றம் வீசும். இவ்விரு நிலைகளிலும் பருத்தி பயனற்றது. நைட்ரைல் கையுறையும் நல்ல காற்றோட்டமும் தேவை.

பயன்படுத்தும் முறை

கையுறை அணிவதற்கு முன் கைகளைக் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். கைப்பசை எதுவும் பூசியிருத்தல் ஆகாது. அணிந்தபின் முகம், மூக்குக்கண்ணாடி, கைபேசி ஆகியவற்றைத் தொட்டால் அதே எண்ணெய் கையுறையில் ஏறிவிடும் ஆதலால், உடனே மாற்ற வேண்டும். வியர்வை மிகுந்தவர்கள் நைட்ரைலுக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை அணிவதுண்டு. எக்கையுறை அணிந்தாலும் படிமத்தின் மேல் விரல் வைக்காமல் ஓரங்களையே பற்ற வேண்டும். 35 மி.மீ. படச்சுருளில் துளைகள் உள்ள விளிம்பு இதற்கு வாய்ப்பானது.

காகித நூல்களுக்கும் ஓலை ஆவணங்களுக்கும் இவ்விதியை அப்படியே பொருத்துதல் கூடாது. கையுறை தாளைக் கிழிக்க ஏதுவாகும் என்பதால், சுத்தமான உலர்ந்த வெறுங்கையே நூல்களுக்கு ஏற்றது என்று கேத்லீன் பேக்கர், ராண்டி சில்வர்மன் ஆகியோர் 2005 இல் எழுதினர். பிரித்தானிய நூலகமும் கையெழுத்துப் படிகளுக்கு வெறுங்கையையும், ஒளிப்படங்களுக்குக் கையுறையையும் பரிந்துரைக்கின்றது.