வங்காலைச் சரணாலயமும் நாங்களும்: பங்குனி நடைக்குப் பின்னால் ஒரு வரலாறு



மாசி, பங்குனி மாதங்களில் பிள்ளைகளையும் பெற்றோரையும் சேர்த்து வங்காலைச் சரணாலயத்துக்குப் பறவை பார்க்க நாங்கள் கூட்டிச் செல்வது உங்களில் பலருக்குத் தெரியும். போகும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு வாப்பா இதே கேள்வியைக் கேட்பார்: "டீச்சர், இந்த இடத்த யார் சரணாலயம் ஆக்கினது? அதில எங்களுக்கு என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. வெயிலில் நின்றுகொண்டு இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். மதவாச்சிப் பக்கமிருந்து வரும் வீதி தள்ளாடியைத் தாண்டி மன்னார்த் தீவுக்குள் நுழைவதற்கு முன், இரண்டு பக்கமும் பரந்து கிடக்கும் சேற்று நிலம், உவர் நிலம், கண்டல், ஆழமில்லாத கடல் எல்லாம் சேர்ந்ததுதான் இது. மொத்தம் 4,839 ஹெக்டேயர். பஸ்ஸில் போகும்போது நாம் "வெறும் வெளி" என்று பார்த்துவிட்டுப் போகும் இடம்.

ஐப்பசி தொடங்கி, வடக்கே குளிர் கூடக் கூட, வாத்துகளும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இங்கே வந்து இறங்குகின்றன. மாரி மழையில் நிறைந்த நீர் தையில் வடியத் தொடங்கும். சேறு வெளியே தெரியும், அதற்குள் இருக்கும் புழு, இறால் குஞ்சு, சிப்பி எல்லாம் அவற்றுக்கு இரை. சித்திரைக்குள் பெரும்பாலானவை புறப்பட்டுவிடும்.

நமது நாட்டில் வசந்தகாலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் வேறு நாட்டு வசந்தத்தை மன்னாரில் நின்று பார்க்கலாம். தையில் சாம்பல் நிறத்தில் நிற்கும் கருவால் மூக்கன், பங்குனி முடியும்போது கழுத்தும் நெஞ்சும் செங்கல் நிறமாக மாறி நிற்கும். உப்புக்கொத்திகளில் ஒரு வகைக்கு நெஞ்சில் செம்மஞ்சள் பட்டி விழும். அவை போகப்போகும் வடக்கு நாடுகளில் பனி உருகப்போகிறது, கூடு கட்டும் காலம் வரப்போகிறது. அந்தச் செய்தி இங்கேயே அவற்றின் இறகில் வந்துவிடுகிறது. நாங்கள் மாசியில் ஒரு முறையும் பங்குனிக் கடைசியில் ஒரு முறையும் நடப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே பறவையை இரண்டு நிறத்தில் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இலங்கையில் காட்டு உயிர்களைக் காப்பாற்றும் முயற்சியை நவீன காலத்தில் தொடங்கிவைத்தவர்கள் வேட்டைக்காரர்கள். பிரித்தானியர் காலத்தில் தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் யானை, மான், மரை, பறவை என்று கணக்கில்லாமல் சுட்டார்கள். சுடுவதற்கே மிருகம் இல்லாமல் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கே வந்தது. 1894 இல் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று வனஜீவராசிகளையும் இயற்கையையும் பாதுகாக்கும் சங்கமாக இயங்குவது அதன் வழி வந்ததுதான். 1900 இல் யால பகுதி ஒதுக்கப்பட்டது. 1905 இல் நமக்குத் தெற்கே வில்பத்து சரணாலயமானது. 1938 இல் இரண்டும் தேசிய பூங்காக்களாயின.

அதே 1938 மார்ச் மாதத்தில்தான் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம். பல தடவை திருத்தப்பட்டாலும் இன்றும் அதுதான் அடிப்படை. அதில் ஒரு வேறுபாட்டை நம் ஊர் மக்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தேசிய பூங்கா முழுக்க அரச காணி. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. சரணாலயம் அப்படியல்ல. அதற்குள் தனியார் காணியும் இருக்கலாம், ஆட்கள் குடியிருக்கலாம், வழமையான தொழிலைச் செய்யலாம். ஆனால் உயிரினங்களை வேட்டையாடவோ, பிடிக்கவோ, கூட்டையும் முட்டையையும் அழிக்கவோ கூடாது. "சரணாலயம் என்றால் எங்களை வெளியே போகச் சொல்வது" என்று பலர் நினைப்பது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

மன்னார் மாவட்டத்துக்கு இந்தச் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1954 இல் கட்டுக்கரைக் குளம் சரணாலயமானது. அந்தக் குளத்து நீரில் வயலும் விளைகிறது, பறவையும் தங்குகிறது. 1968 இல் மடு வீதிச் சரணாலயம் வந்தது, 2015 இல் அது தேசிய பூங்காவாகத் தரம் உயர்ந்தது. நம் வாசலில் இருக்கும் இந்தச் சேற்று வெளியை மட்டும் நீண்ட காலம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. யானையும் சிறுத்தையும் இருக்கும் காடுதான் காக்க வேண்டிய இடம் என்று எல்லோரும் நினைத்த காலம் அது.

அந்த எண்ணத்தை மாற்றியது ஈரான் நாட்டில் நடந்த ஒரு கூட்டம். காஸ்பியன் கடற்கரையில் ராம்சார் என்றொரு ஊர். 1971 பெப்ரவரி 2 ஆம் திகதி அங்கே 18 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, ஈரநிலங்களைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்தார்கள். நீர்ப்பறவை ஒரு நாட்டுக்குச் சொந்தமில்லை. ஒரு நாடு கூட்டைக் காத்து, இன்னொரு நாடு இரை தேடும் இடத்தை அழித்தால் அந்தப் பறவை மிஞ்சாது. உடன்படிக்கையின் அடிப்படை இதுதான். உலக ஈரநில தினத்தைப் பாடசாலைகளில் பெப்ரவரி 2 இல் கொண்டாடுவதும் இதனால்தான்.

இலங்கையில் இந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாள் 1990 ஒக்டோபர் 15.

அந்த மாதம் என்ன மாதம் என்று இதை வாசிக்கும் பெரியவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். அதே ஒக்டோபரின் கடைசியில்தான் எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலி என்று மன்னாரின் ஊர்களிலிருந்தும், வடக்கின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர். ஐப்பசி மாதம், வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் நேரம். பறவைகள் வந்தன, நாம் போனோம். அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது வருடம், நம் சமூகத்தில் பிறந்த பிள்ளைகள் புத்தளத்து முகாம்களிலும் குடியிருப்புகளிலும் வளர்ந்தார்கள்.

2008 செப்டெம்பர் 8 இல் வங்காலை சரணாலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வன்னியில் இறுதிப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 2010 ஜூலையில் அது ராம்சார் ஈரநிலமானது. புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை ஆகியவற்றுக்கு அடுத்ததாக இலங்கையின் நான்காவது ராம்சார் இடம் இதுதான். இந்த இரண்டு திகதிகளிலும் நம்மவர்களில் பெரும்பாலானோர் இங்கே இல்லை. எல்லை போடப்பட்டபோது நம்மிடம் யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு நாம் ஊரில் இருக்கவும் இல்லை.

2009 க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் கண்டது வீட்டு இடத்தில் வளர்ந்த பற்றைக் காட்டையும், புதிதாக நட்டிருந்த அறிவித்தல் பலகைகளையும். முசலிப் பக்கம் 2012 இல் வந்த வன ஒதுக்க வர்த்தமானியும், அதன் பிறகு "வில்பத்து" என்ற பெயரில் நாடு முழுக்க எழுந்த வாதமும் நம் மனதில் ஒரு காயத்தை ஏற்படுத்தின. அதன் சரி பிழையை இங்கே பேச வரவில்லை, அது நீதிமன்றம் வரை போன விஷயம். ஆனால் அதன் விளைவை வகுப்பறையில் பார்க்கிறோம். காடு, பறவை, சரணாலயம் என்று பாடத்தில் வந்தாலே, "அது எங்கட காணியப் பிடிக்கிற ஆக்கள்ற கதை" என்று சொல்லும் பிள்ளை இருக்கிறது. வீட்டில் கேட்டதைத்தான் பிள்ளை சொல்கிறது. கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் கோபத்திலேயே பிள்ளை வளர்ந்தால், தன் வாசலில் இருக்கும் களப்பையே அந்நியமாகப் பார்க்கும் ஒரு தலைமுறை உருவாகும். நாங்கள் பயப்படுவது அதற்குத்தான்.

ஏனென்றால் இந்தக் களப்பு நமக்கு அந்நியம் இல்லை. ஆலாக்கள் கூட்டமாக விழுந்து எழும் இடத்தில் மீன் இருக்கிறது என்று கரையில் நின்றே சொன்னவர்கள் நம் மூத்தவாப்பாமார். எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை வரும் என்று தெரிந்திருந்தார்கள். கொக்கும் சிறகியும் பிடித்துச் சமைத்ததும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. அன்று அது உணவு, இன்று அது குற்றம். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருபது வருட இடைவெளியில் பாதி போய்விட்டது. மிச்சம் இருப்பது இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களிடம்.

ஆகவேதான் இந்த நடையைப் பிள்ளைகளுக்கு மட்டுமான சுற்றுலாவாக வைக்காமல், குடும்பமாக வைத்தோம். சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகள் முன்னால், உம்மாமாரும் வாப்பாமாரும் கூட, முடிந்தால் வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவர். இரண்டு மூன்று தொலைநோக்கிகள்தான் எங்களிடம் இருக்கின்றன. மாறி மாறிப் பார்ப்போம். சுபஹுக்குப் பிறகு புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். இந்தச் சில வருடங்களாக நோன்பு மாசி, பங்குனியில் வருவதால், நோன்பு நாட்களில் நடையை இன்னும் சுருக்கிக்கொள்கிறோம்.

முதலில் எல்லோரும் தேடுவது பூநாரையை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்று நீரை வடிகட்டித் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறம் அது தின்னும் சிற்றுயிர்களிலிருந்தும் பாசியிலிருந்தும் வருவது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். அது நம் நாட்டில் கூடு கட்டுவதில்லை. இந்தியாவின் கட்ச் உவர் நிலத்தில்தான் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும். அடுத்து ஊசிவால் வாத்து, நீலச்சிறகி. பவளக்கால் உள்ளான் வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் நம் ஊர்க்காரர்.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்து, செய்மதிக் கருவி பொருத்தி விட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போனது பதிவாகியிருக்கிறது. உலக வரைபடத்தில் மன்னாரில் விரலை வைத்து அந்தப் பாதையைப் பிள்ளைகளைக் கொண்டே இழுக்க வைப்போம். புவியியல் பாடம் அன்றைக்கு ஒரு நாளும் அலுக்காது.

பற்றைக் காட்டுப் பக்கம் அதிர்ஷ்டம் இருந்தால் கொண்டலாத்தி தென்படும். அதுதான் நபி சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத். மத்ரஸாவில் கதையாகக் கேட்ட பறவை கொண்டையை விரித்து எதிரே நிற்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

வருபவர்களிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். பூநாரை பறப்பதைப் படம் எடுக்கவென்று கல் எறியவோ, கைதட்டவோ வேண்டாம். டிரோன் வேண்டாம். பங்குனியில் இந்தப் பறவைகள் தின்பதெல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறப்பதற்கான கொழுப்பைச் சேர்க்கத்தான். ஒவ்வொரு தடவை நாம் கிளப்பும்போதும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு வீணாகிறது. வாகனத்தை வீதியை விட்டு இறக்கி நிறுத்துங்கள். சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீட்டையும் தண்ணீர்ப் போத்தலையும் வீட்டுக்குத் திருப்பி எடுத்து வாருங்கள். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், நிறம் நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இந்த ஈரநிலங்களைப் பற்றி இன்று பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. 2016 இல் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்ட விடத்தல்தீவின் ஒரு பகுதியை நீருயிரின வளர்ப்புக்காக விடுவிக்க 2024 இல் வர்த்தமானி வந்தது, அதை எதிர்த்து வழக்கும் போடப்பட்டது. தீவின் தென்கரையில் 2020 முதல் 30 காற்றாலைகள் சுழல்கின்றன, இன்னும் வேண்டுமா என்று ஊர் விவாதிக்கிறது. மின்சாரமும் வேண்டும், தொழிலும் வேண்டும், களப்பும் வேண்டும். எதை எங்கே வைப்பது என்று பேசும் கூட்டங்களில், களப்பைத் தெரிந்தவனின் சொல்லுக்குத்தான் பெறுமதி இருக்கும். 2008 இல் எல்லை போடப்பட்டபோது நாம் ஊரில் இல்லை. இனிப் போடப்படும் எல்லைகளின்போது நம் பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். அப்போது அவர்களுக்குப் பேசத் தெரிய வேண்டும்.

"அதில எங்களுக்கு என்ன இருக்கு?" என்ற கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்.

அடுத்த நடைக்கு முன் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறோம். வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் களப்புப் பறவைகளுக்கு நம் ஊரில் வழங்கிய பெயர்களைக் கேளுங்கள். எந்த ஊர், யார் சொன்னது என்பதோடு கொமென்ட்டில் எழுதுங்கள். சேர்த்து, பாடசாலைச் சுவரில் ஒட்டுவோம். புத்தகப் பெயருக்குப் பக்கத்தில் நம் பெயரும் இருக்கட்டும்.