பாடும் பறியும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஏரி என்று பெயர். உண்மையில் கடலும் ஆற்றுநீரும் கலக்கும் காயல். வரலாற்று நூல்களில் இந்த ஊர் இடம்பெறுவது 1613-இல் எழுந்த டச்சுக்காரர்களின் ஜெல்ட்ரியா கோட்டையாலும், இங்கிருந்து கப்பலேறிய துணிகளாலும், பத்தேவியாவுக்கு அனுப்பப்பட்ட அடிமைகளாலும்தான். ஏரியில் இறங்கும் சிறு படகுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் பெயர் ‘பாடு’.

இந்த ஏரியில் ஒரு படகை இறக்க என்ன வேண்டும்? வலை, கோல், துணைக்கு ஓர் ஆள் என்று சொல்லத் தோன்றும். அவற்றுக்கெல்லாம் முன்னால் வேண்டியது உரிமை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் கிடைக்கும் இடங்களைப் பட்டினவர் குப்பங்கள் தலைமுறைகளாக முறைவைத்துப் பகிர்ந்து வந்திருக்கின்றன. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. பொதுவளங்களைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இந்த முறையைப் பாராட்டுகிறார்கள். அதிலுள்ள நியாயத்தை நானும் மதிக்கிறேன்.

ஆனால், சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது? அந்தச் சாதியில் பிறந்து, திருமணமான ஆணின் பெயர். திருமணம் இருவருக்கும் நடக்கிறது. பாடு ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. மனைவி வந்தபிறகே அவனுக்கு உரிமை வருகிறது. அந்த உரிமையில் அவளுக்குப் பெயரில்லை. அவன் பிடித்துவரும் மீனைக் கூடையில் சுமந்து விற்றுக் காசாக்குகிறவள் பெரும்பாலும் அவள்தான்.

அதே ஏரியின் ஆழம் குறைந்த பகுதியில் இருளர் பெண்கள் நீருக்குள் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். படகில்லை, வலையில்லை. இரு கைகளும் வேலையில் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். இருளர் ஆண்களும் பாடு முறைக்கு வெளியேதான். அவர்களைத் தடுப்பது சாதி என்கிற ஒரு கதவு. இந்தப் பெண்களுக்கு முன்னால் இரண்டு கதவுகள்.

இந்த மறதிக்கு இலக்கியப் படிப்பிலும் வேர் இருக்கிறது. நெய்தல் பாடல்களைப் பாடம் நடத்தும்போது அம்பி, திமில், பஃறி, தோணி எனப் படகின் பெயர்களைப் பட்டியலிடுகிறோம். தந்தையும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறார்கள். மகள் காயும் மீனைப் பறவைகளிடமிருந்து காக்கிறாள். அவர்கள் போவதைத் தொழில் என்கிறோம். அவள் காப்பதைக் காதலுக்கான பின்னணி என்று கடந்துவிடுகிறோம். அவள் காக்காவிட்டால் பிடித்த மீன் பறவைக்குத்தான். அவள் செய்வதும் தொழில்தான் என்று என் மாணவியரிடம் அழுத்திச் சொல்கிறேன்.

2014-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பில் ஏற்கப்பட்ட சிறுஅளவு மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகள், பிடிப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைகளையும் மீன்தொழிலாகவே கொள்கின்றன. பால் சமத்துவத்தையும் அடிப்படைக் கொள்கையாக வைக்கின்றன. அது காகிதத்தில் கிடைத்த இடம். குப்பத்துச் சீட்டில் கிடைக்க வேண்டிய இடம் வேறு.

தமிழில் ‘பாடு’ என்றால் பங்கு மட்டுமல்ல, உழைப்பும் துன்பமும்கூட. முதல் பொருளை ஆண்களுக்கும் மற்ற இரண்டைப் பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்தது இயற்கையல்ல, ஊர் போட்ட விதி. ஊர் போட்ட விதியை ஊரே மாற்றலாம். ஏரியின் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் படகுகளை எண்ணும்போது பறிகளையும் சேர்த்து எண்ணட்டும்.