கேட்க முடியாத கேள்வி

ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு முடிந்துவிட்டதா இல்லையா என்று சந்தேகம். தொழலாமா, கூடாதா? விட்டுப்போன நோன்பை எப்போது வைப்பது? இஸ்லாமிய மார்க்கச் சட்ட நூல்களில் இதற்கெல்லாம் பக்கம் பக்கமாக விடை உண்டு. சங்கடம் எங்கே என்றால், சொல்லிக்கொடுக்கிறவர் ஆண். பக்கத்து வரிசையில் முழுக்கப் பையன்கள். எழுந்து நின்று எப்படிக் கேட்பாள்?

கேட்க மாட்டாள். பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவாள்.

சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் இதை ஒரு பெண் கவனித்தார். பெயர் ரஹ்மா எல் யூனுஸியா. 1900ல் பிறந்தவர். ஊர், இந்தோனேசியாவின் மேற்கு சுமத்ராவில் இருக்கும் பாடாங் பாஞ்சாங். அப்போது அது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது.

அங்கே வாழும் மினாங்கபாவ் மக்கள் கொஞ்சம் வித்தியாசமானவர்கள். முஸ்லிம்கள்தான். ஆனால் பரம்பரை வீடும் வயலும் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். மகனுக்கு அதில் பங்கு கிடையாது. வயது வந்த பையன் வீட்டில்கூடத் தூங்க மாட்டான். 'சுராவ்' என்கிற தொழுகைக் கூடத்துக்குப் போய்விடுவான். படுக்கை அங்கே, படிப்பும் அங்கேயே.

யோசித்துப் பாருங்கள். சொத்தெல்லாம் பெண்ணுக்கு. ஓதிப் படிப்பது மட்டும் ஆணுக்கு!

ரஹ்மாவின் அண்ணன் ஜைனுத்தீன் லபாய் நவீன சிந்தனைக்காரர். 1915ல் தினியா என்றொரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பையன்களும் பெண்களும் சேர்ந்தே படித்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய புரட்சி. ரஹ்மாவும் அங்கேதான் படித்தார். பதினாறு வயதில் கல்யாணம், ஆறு வருடங்களில் மணமுறிவு. படிப்பை மட்டும் விடவில்லை. வகுப்பில் கேட்க முடியாததை, ஹாஜி ரசூல் என்ற பெரிய மார்க்க அறிஞரிடம் தனியாகப் போய்க் கற்றுக்கொண்டார்.

சரி, தனக்கு வழி கிடைத்துவிட்டது. மற்ற பெண்களுக்கு?

1923 நவம்பர் 1. ஒரு பள்ளிவாசலில் பெண்களுக்கு மட்டுமான பள்ளியைத் தொடங்கினார். தினியா புத்ரி. வந்தவர்கள் 71 பேர். பெரும்பாலும் கல்யாணமான இளம் பெண்கள். டீச்சருக்கு வயது இருபத்துமூன்று.

மறு வருடமே அண்ணன் இறந்துபோனார். 1926 ஜூன் மாதம் பெரிய நில நடுக்கம். கட்டடம் தரைமட்டம். இனி அவ்வளவுதான் என்று ஊர் நினைத்திருக்கும். ரஹ்மா மூங்கில் கொட்டகை போட்டு வகுப்பை நடத்தினார். ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டி மறுபடி கட்டினார். டச்சு அரசாங்கம் மானியம் தர முன்வந்தது. 'வேண்டாம்' என்றார். வாங்கினால் பாடத்திட்டத்தில் கை வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மார்க்கப் பாடம் மட்டும் நடக்கவில்லை. நெசவு உண்டு. பிரசவம் பார்க்கக்கூட ஆண் டாக்டரிடம் போகவேண்டியிருக்கிறதே என்று, ரஹ்மா தானே மருத்துவச்சிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து சொல்லிக்கொடுத்தார். 1937ல் பெண் ஆசிரியைகளை உருவாக்கத் தனிப் பிரிவு. கேட்பவளும் பெண், பதில் சொல்பவளும் பெண். அவர் நினைத்தது அதுதான்.

இவரைப் புரட்சிக்காரி என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. அண்ணன் ஒன்றாக உட்கார வைத்தவர்களைத் தங்கை பிரித்து உட்கார வைத்தார். இன்றைய கண்ணுக்கு இது பின்னால் போவதாகத் தெரியலாம். குடும்பம், தாய்மை பற்றியெல்லாம் அவர் பேசியது பழைய பாணிதான். ஆனால் கூட்டு வகுப்பில் வாய் திறக்காத பெண்கள் இங்கே திறந்தார்கள். மார்க்கச் சட்டத்தைப் படித்து, புரிந்துகொண்டு, அடுத்தவளுக்கு விளக்கிச் சொன்னார்கள். அதுவரை ஆண்கள் கையில் இருந்த வேலை அது.

1955ல் எகிப்திலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். கெய்ரோவின் அல் அஸ்ஹர் நிறுவனத்தின் தலைமை ஷேக், அப்துல் ரஹ்மான் தாஜ். அல் அஸ்ஹருக்கு வயது ஏறக்குறைய ஆயிரம். அங்கே பெண்களுக்கென்று ஒரு பிரிவு அப்போது கிடையாது. பாடாங் பாஞ்சாங் பள்ளிக்கோ வயது வெறும் 32. ஷேக் சுற்றிப் பார்த்தார், அசந்துபோனார். 1957ல் ரஹ்மாவைக் கெய்ரோவுக்கு அழைத்து 'ஷேக்கா' பட்டம் கொடுத்தார்கள். அதற்குமுன் எந்தப் பெண்ணுக்கும் அல் அஸ்ஹர் தராத கௌரவம்.

1961ல் நாசர் அரசு அல் அஸ்ஹரைச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருடம் பெண்கள் கல்லூரி திறந்தது. எல்லாம் ரஹ்மாவால்தான் என்பார்கள் இந்தோனேசியர்கள். எகிப்துக்குள்ளேயே அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் தலைமை ஷேக் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போனாரே, அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியுமா?

1955 தேர்தலில் ரஹ்மா நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். 1969ல் இறந்தார். 2025 நவம்பரில் இந்தோனேசிய அரசு அவரைத் தேசிய வீரர் என்று அறிவித்தது. செத்து 56 வருடங்கள் கழித்து!

பள்ளிக்கூடம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நூறு வயதைத் தாண்டி, அதே ஊரில் நடந்துகொண்டிருக்கிறது.