நெஞ்சு வலியும் ஈ.சி.ஜி. கோடும் – ஒரு வரலாறு



விடியற்காலைப் பெரட்டில் நிற்கும் ஒருவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். முகமெல்லாம் வியர்வை. "ஒண்ணுமில்லப்பா, வாயுதான். ராத்திரி சாப்பாடு செரிக்கல" என்கிறார். வீட்டில் இஞ்சி தட்டிக் கொடுக்கிறார்கள், தைலம் தேய்க்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் லயத்தில் அழுகுரல் கேட்கிறது. கோலா கெடா, அலோர் ஸ்டார் முதல் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வரை, தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று.

அது வாயுவா, மாரடைப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு விடை தரும் கருவியின் கதை நம் பக்கத்து நாட்டில் தொடங்குகிறது.

ஜாவாத் தீவின் செமாராங் நகரில் 1860ஆம் ஆண்டு ஒரு டச்சுக் குழந்தை பிறந்தது. பெயர் வில்லம் ஐந்தோவன். தந்தை இறந்தபின் குடும்பம் ஹாலந்துக்குத் திரும்பியது. வளர்ந்து லெய்டன் நகரில் பேராசிரியரான ஐந்தோவன், இதயத்தில் எழும் மிக நுண்ணிய மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவியை 1900ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமைத்தார். அதன் எடை சுமார் 270 கிலோ! இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி தம் கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கோட்டின் மேடு பள்ளங்களுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவரும் அவரே. 1924இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இனி அந்தக் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். இதயம் சுருங்கும்போது கோடு ஊசிபோல் மேலே எழும். பிறகு கீழே இறங்கிச் சமமாக ஓடும். அந்தச் சமமான பகுதிதான் எஸ்.டி. பகுதி. இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் முழுவதும் அடைபட்டால், அந்தக் குழாயை நம்பியுள்ள தசை தவிக்கும். அப்போது எஸ்.டி. பகுதி சமமாக ஓடாமல் மேலே தூக்கி நிற்கும். 1920இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹெரால்டு பார்டி என்ற மருத்துவர் இந்த அடையாளத்தை மாரடைப்பு நோயாளியின் கோட்டில் கண்டு உலகுக்கு எடுத்துரைத்தார். 1930, 40ஆம் ஆண்டுகளில் மார்பின் மேலும் ஒட்டுக் கம்பிகளை வைத்துப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கும் முறை வந்தது. எந்தப் பக்கத்துத் தசை வாடுகிறது என்பதையும் அதில் ஓரளவு சொல்லிவிடலாம்.

குழாய் ஏன் அடைபடுகிறது? பல ஆண்டுகளாகக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகி வழியை அடைக்கிறது. சிகரெட், சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு ஆகியவை இதைத் துரிதப்படுத்துகின்றன.

ஆனால் கோடு தூக்கினாலே மாரடைப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல ஆரோக்கியமுள்ள இளைஞர் சிலருக்கும் இப்படி இருக்கும். இதயத்தின் மேலுறை வீங்கினாலும், குழாய் சற்றுநேரம் இறுகிப் பின் விட்டாலும் கோடு தூக்கும். மறுபுறம், மாரடைப்பின் தொடக்கத்தில் கோடு சரியாகவே தோன்றுவதும் உண்டு. ஆகவே மருத்துவர் வலியின் தன்மையைக் கேட்பார்; மறுபடியும் கோடு எடுப்பார்; இரத்தப் பரிசோதனையும் செய்வார்.

இந்த வரலாற்றில் நம் மக்களுக்கும் ஓர் இடமுண்டு. அது பெருமைப்படும் இடமன்று. சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரை நடந்த 9,568 பிரேதப் பரிசோதனைகளின் பதிவுகளை டாக்டர் டி. ஜே. தனராஜும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1959இல் வெளியிட்டனர். இதயக் குழாய் நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் ஏறக்குறைய 7 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. இந்த தனராஜ்தான் பின்னர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் டீனாக விளங்கினார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2019இல் மலேசியாவில் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நம்மைத் தவிர வேறு யார் இதைக் கவனிப்பது?

நோயைக் கண்டுபிடித்தாலும் வெகுகாலம் படுக்கையில் ஓய்வு கொடுப்பதுதான் பெரும்பாலும் வைத்தியமாக இருந்தது. 1988இல் 17,187 நோயாளிகளை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு வந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தும் ஆஸ்பிரினும் கொடுக்கப்படாதவர்களில் நூற்றுக்கு 13 பேர் ஐந்து வாரத்திற்குள் இறந்தனர். இரண்டையும் பெற்றவர்களில் இறந்தவர் 8 பேரே. இப்போது குழாய்க்குள் பலூனை அனுப்பி அடைப்பைத் திறந்து, கம்பி வலை வைக்கும் சிகிச்சையும் வந்துவிட்டது. எந்தச் சிகிச்சையானாலும் நேரம்தான் முக்கியம். நிமிடம் போகப் போகத் தசை செத்துக்கொண்டே போகும். செத்த தசை திரும்ப உயிர்பெறாது.

"டவுனுக்குப் போகவே ஒரு மணி நேரமாகுதே, என்ன செய்ய?" என்று கேட்கலாம். ஐந்தோவன் 1905ஆம் ஆண்டிலேயே, ஒன்றரை கிலோமீட்டர் தூரத்து ஆஸ்பத்திரியிலிருந்த நோயாளியின் இதயக் கோட்டைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுக்கூடத்தில் பெற்றார். அதே வழியில் தமிழ்நாட்டில் சிறு ஆஸ்பத்திரிகளை பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, கோட்டை உடனே அனுப்பிச் சிகிச்சை தொடங்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தனர். ஓராண்டுக்குள் இறந்தவர் தொகை நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2 ஆகக் குறைந்தது என்று 2017இல் அறிவித்தனர். தூரத்தை அறிவு வெல்லும் என்பதற்கு இது சான்று.

ஆனால் எந்தக் கருவியும் லயத்து வாசலுக்குத் தானாக நடந்து வராது. நெஞ்சு அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, வியர்வை, வாந்தி, மூச்சுத் திணறல் – இவை வந்தால் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமலும் வரலாம். உடனே 999ஐ அழையுங்கள். நோயாளி தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகக் கூடாது.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கும் கைகள் நாளை இந்தக் கோட்டைப் படிக்கும் கைகளாக வேண்டும். அதுவரை ஒரு வேலை உங்களுக்குண்டு. வீட்டில் தாத்தா "வாயுதான்" என்று சொன்னால், "இல்ல தாத்தா, ஆஸ்பத்திரிக்குப் போயி கோடு எடுத்துப் பாத்திடுவோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கும்.