கடல் கடந்த காசும் அதன் கூலியும்

பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே சுங்கைப் பட்டாணியை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையின் மேல், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய வட செபராங் பிறையில் அமைந்திருக்கும் தாசேக் கெலுகோர், சரித்திர நூல்களில் பெரிய இடம் பெற்ற ஊர் அன்று. ஆயினும் அதன் சுற்றுவட்டாரத்தில் இருந்த மலாக்கோப், மேபீல்டு முதலிய தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ் மக்கள், தங்கள் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த காசைத் தஞ்சைக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் அனுப்பிய கதை, பல பெரிய நகரங்களின் கதையைக் காட்டிலும் நம் கவனத்துக்கு உரியது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சென்னையிலோ மதுரையிலோ ஏ.டி.எம். இயந்திரத்தின் முன் நின்று ரூபாய் எடுக்கும்போது செலுத்தும் கட்டணமும், அந்நாளில் அவர்களுடைய பாட்டனார் செலுத்திய கட்டணமும் ஒரே வமிசத்தைச் சேர்ந்தவை. அந்த வமிசாவளியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்குத் தீவில் ஆங்கிலக் கம்பெனியின் கொடி 1786இல் ஏறியது. எதிர்க்கரையிலுள்ள நிலப்பகுதி 1800இல் கெடா சுல்தானிடமிருந்து பெறப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கரையில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது, அவற்றில் உழைப்பதற்காக ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. அதன்பின் 1938 வரையில் கங்காணிகளின் வழியாக ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பிரதேசங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக நிர்ணயிக்கப்பட்டிருந்தன. ஆகவே, ஊரிலுள்ள தாய்க்குப் பத்து டாலர் அனுப்ப விரும்பிய ஒரு தொழிலாளி, இருபது நாள் உழைப்பு முழுவதையும் அப்படியே எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பத்து டாலர் ஊர் போய்ச் சேர மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்துக்குத் திரும்பும் உறவினரிடமோ கங்காணியிடமோ கொடுத்தனுப்புவது; இதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் காசு போய்ச் சேரும் என்பதற்கு மனிதனுடைய நாணயத்தைத் தவிர வேறு உத்தரவாதமும் இல்லை. இரண்டாவது, தபாலாபீசு மணியார்டர். இதற்குக் கமிஷன் உண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாரம் நிரப்பித் தர ஒரு கிராணியின் தயவும் வேண்டும். மூன்றாவது, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உண்டியல்.

ஜார்ஜ் டவுனில் பினாங்கு வீதியில் அமைந்த கிட்டங்கிகளில் செட்டியார்களின் தொழில் நடந்தது. 1857இல் நிறைவெய்திய தண்ணீர்மலைச் சாலைக் கோயிலும், தைப்பூசத்தை ஒட்டி அங்கே வரும் வெள்ளி ரதமும் அவர்களுடைய செல்வாக்குக்கு இன்றளவும் சாட்சிகளாக நிற்கின்றன. உண்டியலின் சிறப்பு என்னவென்றால், காசு உண்மையில் கடல் கடப்பதே இல்லை என்பதாகும். பினாங்கில் டாலரைப் பெற்றுக்கொண்ட கடை, தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ சென்னையிலோ உள்ள தன் கூட்டாளிக் கடைக்கு ஓலை எழுதும். கண்டவுடன் பணம் தரத்தக்க தரிசன உண்டியலாயின், அதைக் கொண்டுபோய்க் காட்டியவருக்கு அங்கே ரூபாய் எண்ணிக் கொடுக்கப்படும். இரு கடைகளின் பேரேடுகளிலும் பற்றும் வரவும் பதிவாகும். நிலுவை பின்னர் சரக்காலோ, பீச் வீதியில் 1875 முதல் இயங்கிய சார்ட்டர்டு வங்கி போன்ற ஐரோப்பிய வங்கிகளின் மாற்றுச் சீட்டாலோ தீர்க்கப்படும். இன்று ஓர் அட்டையைச் செருகி அந்நிய தேசத்தில் பணம் எடுக்கும்போது நடப்பதும் இதுவே: இங்குள்ள வங்கியின் கணக்கில் பற்று, அங்குள்ள வங்கியின் கணக்கில் வரவு, இடையில் ஒரு தீர்வு. ஓலை போய் மின்சாரம் வந்தது. கணக்கின் இலக்கணம் மாறவில்லை.

இனி, இக்கதையின் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அனுப்புகிறவன் கண்ணுக்குத் தெரிந்த செலவு கமிஷன். கண்ணுக்குத் தெரியாத செலவு மாற்று வீதம். முன்னதைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். பின்னதைப் பற்றிக் கேட்டவர்கள் சிலரே. 1867 ஏப்ரல் மாதம் வரையில் பினாங்கு இந்திய அரசாங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தமையால் சர்க்கார் கணக்குகள் ரூபாயில் எழுதப்பட்டன. வணிகரோ டாலரில் கொடுக்கல் வாங்கல் செய்தனர். இரண்டும் வெள்ளி நாணயங்களே ஆதலால், உலோகத்தின் எடைப்படி ஒரு மெக்சிகோ டாலர் ஏறத்தாழ இரண்டேகால் ரூபாய்க்குச் சமமாயிருந்தது. 1893இல் இந்திய அரசாங்கம் தன் நாணயச் சாலைகளை வெள்ளிக்கு மூடி, பின்னர் ரூபாயை ஒரு ஷில்லிங் நான்கு பென்சில் நிலைநிறுத்தியது. டாலரோ வெள்ளியின் விலையோடு சேர்ந்து சரிந்து, 1906இல் இரண்டு ஷில்லிங் நான்கு பென்சு என்னும் நிலையான மதிப்பை அடைந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், பத்து டாலருக்குப் பதினேழு ரூபாய் எட்டணா. 1927இல் இந்திய அரசாங்கம் ரூபாயின் மதிப்பை ஒரு ஷில்லிங் ஆறு பென்சாக உயர்த்தியபோது, அதே பத்து டாலர் பதினைந்து ரூபாய் ஒன்பதணாவுக்கும் சற்றுக் குறைந்துவிட்டது. பம்பாய் ஆலை முதலாளிகள் இந்த உயர்வை உரக்க எதிர்த்தார்கள். ஆனால் மலாயாவின் லயங்களில் இருபது நாள் பால் வெட்டிய கூலி, எவரும் ஒரு காசும் கமிஷன் வாங்காமலே, ஊரில் ஒன்றே முக்கால் ரூபாய்க்குமேல் குறைந்துபோனது. இருபத்தைந்து காசு கமிஷனைத் தவிர்ப்பதற்காக நான்கு மைல் நடக்கத் தயங்காத சிக்கனசாலியும் இந்த இழப்பைத் தவிர்க்க வழியில்லாமல் இருந்தான். பணத்தின் கூலி வசூலிப்பவனுடைய மேசையில் மட்டும் தீர்மானமாவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

1937 பெப்ரவரியில் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்து, அவற்றை அடுத்துப் பினாங்கிலும் கிளை நிறுவியது. உண்டியலின் அனுபவத்தை நவீன வங்கியின் ஒழுங்கோடு இணைக்க முயன்ற அந்த ஸ்தாபனத்துக்குப் பினாங்கு இத்தனை விரைவில் நினைவுக்கு வந்தது தற்செயலன்று. ஆனால் 1941 டிசம்பரில் ஜப்பானியரின் குண்டுகள் விழுந்தபின் கடல்வழி அடைபட்டது. ஊருக்குப் பணம் போகவில்லை, ஊரிலிருந்து கடிதமும் வரவில்லை. வாழைமரம் பொறித்த ஜப்பானிய நோட்டுகளைப் பெட்டியில் சேர்த்து வைத்தவர்கள், 1945இல் யுத்தம் முடிந்தபோது அவை வெறுங்காகிதமாகிவிட்டதைக் கண்டனர்.

சமாதானம் திரும்பியபின், 1927இன் அதே வீதம் 1966 வரை நீடித்தது என்பது வியப்புக்குரியது. ஏனெனில் ரூபாயும் மலாயா டாலரும் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டு ஒன்றாகவே ஏறி இறங்கின. 1966 ஜூன் 6ஆம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், பத்து டாலர் திடீரென இருபத்துநான்கரை ரூபாயாயிற்று. மறு ஆண்டு அதிர்ஷ்டம் திசைமாறியது. 1967 ஜூன் 12ஆம் தேதி மலேசியா தன் புதிய டாலரை வெளியிட்டிருந்தது. நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைக்கவே, பவுண்டோடு இன்னும் பிணைந்திருந்த பழைய நோட்டின் ஒரு டாலர் புதிய நாணயத்தில் 85 காசுக்குத் தாழ்ந்தது. வங்கிக் கணக்கு இல்லாதவர்களும், தலையணைக்கடியிலும் தகரப் பெட்டியிலும் சேமித்தவர்களுமே இதனால் பெரிதும் நஷ்டமடைந்தனர். நவம்பர் 24ஆம் தேதி பினாங்கில் நடந்த ஹர்த்தாலும் அதைத் தொடர்ந்த உயிர்ச்சேதமும் அந்த நஷ்டத்தின் எதிரொலிகளே.

இதே 1967 ஜூன் 27ஆம் தேதி, லண்டனின் வடபகுதியான என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி ஒரு புதிய யந்திரத்தைத் திறந்து வைத்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பேரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். வங்கி மூடிய பின்பும் பணம் தரும் அந்த யந்திரம் 1980களின் தொடக்கத்தில் மலேசியாவுக்கும், 1987இல் ஹாங்காங் வங்கியின் மூலம் பம்பாய்க்கும் வந்தது. இதற்கிடையில், இந்திய அரசு 1969இல் வங்கிகளை நாட்டுடைமையாக்கியதும், அந்நிய அரசாங்கங்களுக்குச் சொந்தமான வங்கிகளை மலேசியச் சட்டம் ஏற்காமையும் சேர்ந்து, இந்திய வங்கிகளின் மலேசியக் கிளைகள் யுனைட்டெட் ஏஷியன் வங்கியாக உருமாறும்படி செய்தன. உண்டியல் தந்த கிட்டங்கியும், ஊர்க்காரர் அமர்ந்திருந்த வங்கி மேசையும் பின்வாங்க, அவற்றின் இடத்தை ஒரு சிறு கண்ணாடித் திரை ஏற்றுக்கொண்டது.

யந்திரம் கேட்கும் கூலியையும் பழைய கண்ணோடு பார்த்தால் அதன் அங்கங்கள் நன்கு விளங்கும். அட்டை வழங்கிய வங்கி, வெளிநாட்டில் எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிலையான தொகை வாங்குகிறது. இது மணியார்டர் கமிஷன் போன்றது. அத்தொகை பத்து ரிங்கிட் எனக் கொண்டால், இருநூறு ரிங்கிட்டுக்குரிய ரூபாயை எடுப்பவர் நூற்றுக்கு ஐந்து கொடுக்கிறார். ஆயிரத்துக்கு எடுப்பவர் நூற்றுக்கு ஒன்றே கொடுக்கிறார். சிறு தொகையைப் பன்முறை அனுப்பியவர்களே அன்றும் அதிகம் இழந்தார்கள். ஆதலால் தேவையைக் கணித்து ஒரே தடவையில் எடுப்பது முதல் விதி. இரண்டாவது, யந்திரத்துக்குரிய வங்கியே தனியாக வாங்கும் கட்டணம்: தாசேக் கெலுகோர் வழியே வடக்கே ஓடும் இதே ரயில்பாதையில் எல்லையைக் கடந்து ஹாட்யாய்க்குச் செல்பவர்களுக்குத் தாய்லாந்து யந்திரங்கள் 2009 முதல் 150 பாட்டும், பின்னர் 220 பாட்டும் வாங்கியது அனுபவத்தில் தெரியும். அங்கே நாணய மாற்றுக் கடையில் ரிங்கிட்டை மாற்றுவதே பலருக்கு லாபமாயிருந்ததற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது அங்கமே எல்லாவற்றிலும் நுட்பமானது. திரையில் சில சமயம் ஒரு கேள்வி தோன்றும்: தொகையை ரூபாயில் கணக்கிடுவதா, உங்கள் தாய்நாட்டு நாணயமாகிய ரிங்கிட்டிலேயே காட்டிவிடுவதா? தெரிந்த நாணயத்தில் தொகையைக் காண்பது மனத்துக்கு ஆறுதலாயிருக்கும். ஆயினும் அந்த ஆறுதலுக்கு விலை உண்டு. ரிங்கிட்டைத் தேர்ந்தால், யந்திரத்தின் உரிமையாளர் தமக்கு உகந்த வீதத்தை வைத்துக்கொள்கிறார். ரூபாயைத் தேர்ந்தால், அட்டை நிறுவனத்தின் பொது வீதம் அமலாகிறது. அந்தப் பொது வீதமே பெரும்பாலும் அனுகூலமானது. 1906இலும் 1927இலும் வீதம் அரசாங்கத்தின் கையில் இருந்தது; தொழிலாளிக்கு அதில் சொல்லில்லை. இன்றோ, ஒரு சிறு அளவிலேனும், அந்தத் தேர்வு எடுப்பவனுடைய விரல் நுனியில் வைக்கப்பட்டிருக்கிறது. அதை வாசிக்காமல் அழுத்திவிடுவது, நம் பாட்டனாருக்குக் கிடைக்காத உரிமையை நாமே விட்டுக்கொடுப்பதாகும்.

புறப்படுமுன் வெளிநாட்டில் பணம் எடுக்க அட்டைக்கு அனுமதி திறந்திருக்கிறதா என்று தம் வங்கியில் கேட்டுக்கொள்வதும், ரொக்கமும் அட்டையுமாக இரு வழிகளையும் வைத்துக்கொள்வதும் அவசியமானவை. 2016 நவம்பர் 8ஆம் தேதி இந்தியா 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவையாக்கியபோது, அடுத்த பிரயாணத்துக்கென்று அவற்றை வீட்டில் சேர்த்து வைத்திருந்த மலேசியத் தமிழர் பலர், வாழைமர நோட்டின் கதையை இரண்டாம் முறை கண்டனர். அந்நிய நாணயத்தை நோட்டாகச் சேமிப்பது எக்காலத்திலும் ஆபத்தானது.

கடலுக்கு அப்பால் காசு எடுப்பதும் அனுப்புவதும் இலவசமாதல் வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை; உண்டியல் எழுதிய செட்டியாருக்கும் கூலி உண்டு, யந்திரத்தைக் காக்கும் வங்கிக்கும் கூலி உண்டு. ஆனால் அந்தக் கூலி முழுவதும் ஒரே இடத்தில், செலுத்துபவனுக்கு விளங்கும் பாஷையில், பணம் கைக்கு வருமுன் தெரிவிக்கப்படவேண்டும் என்பது நியாயம். நூறாண்டுகளுக்கு மேலாக ஏழைத் தமிழனுக்கு அந்தத் தெளிவு மறுக்கப்பட்டதனாலேயே, குறைவாகச் சம்பாதித்தவனே அதிகக் கட்டணம் செலுத்தினான். தாசேக் கெலுகோரிலும் அதுபோன்ற ஊர்களிலும் உள்ள தமிழ்ப் பள்ளிகளில் கூட்டலும் கழித்தலும் கற்பிக்கும்போதே மாற்று வீதத்தையும் ஒரு பாடமாக வைத்தால், அடுத்த தலைமுறை அந்த அதிகக் கட்டணத்தைத் தொடர்ந்து செலுத்த வேண்டியிராது.