மடுல்சீமையில் தொடங்கிய துரு

1869இல் பதுளைப் பக்கம் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிஞ்சது. பேராதனைப் பூங்காவின் துவைட்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி அந்தப் பங்கசுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். சுமார் இருபது வருஷத்தில் கோப்பி போய் தேயிலை வந்தது. கோப்பிக் காலத்தில் பருவ வேலைக்கு வந்து ஊர் திரும்பியவங்க பலர். தேயிலைக்கோ வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கணும். குடும்பங்கள் லயங்களிலேயே தங்கின. நாம இங்கே நிலைத்த கதையில் அந்தத் துருவுக்கும் பங்கு இருக்கு.

நம்ம வரலாற்றுப் பாடம் "நோய் வந்தது" என்பதோடு நின்றுவிடும். கோப்பி ஏன் தாக்குப்பிடிக்கல?

பதிலுக்கு, பாண் மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்டிடம் போகணும். பள்ளியில் 'மதுவம்' என்று படிச்சது அதைத்தான். 1996இல் அதன் முழு மரபுத்தொகுதியும் வாசிக்கப்பட்டது. அடுத்த வருஷமே வுல்ஃபும் ஷீல்ட்ஸும் ஒரு விஷயத்தைக் காட்டினாங்க: ஒரே வரிசையில் அமைந்த பரம்பரையலகுகள் வெவ்வேறு நிறமூர்த்தங்களில் சோடி சோடியா, 55 துண்டுகளில் கிடக்கு. அதாவது, சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன் மொத்தத் தொகுதியும் இரட்டித்திருக்கு. பிறகு துண்டுகள் இடம் மாறின, பெரும்பாலான பிரதிகள் அழிந்தன, சில புது வேலை கற்றன. தனியாக இரட்டித்த பரம்பரையலகுகளும் உண்டு. அப்படிப் பிறந்த ஒரு சோடியில் ஒன்று மதுசாரம் உண்டாக்க உதவும். மற்றது அதே மதுசாரத்தை உணவாக்கும்.

அரபிகா கோப்பியும் இரட்டித்ததுதான். ரொபஸ்டாவும் யூஜினியோய்டிஸும் கலந்து பிறந்த அதுக்கு 44 நிறமூர்த்தங்கள், பெற்றோருக்கு 22தான். ஈஸ்டும் இரு வம்சங்கள் கலந்த பிறகே இரட்டித்தது என்று 2015இல் ஓர் ஆய்வு வாதிட்டது.

அப்படியானால் அரபிகா மட்டும் ஏன் வீழ்ந்தது? பிரதிகள் இருந்தால் போதாது. அவை வேறுபட நேரம் வேணும், செடிக்குச் செடி வித்தியாசமும் வேணும். அரபிகாவின் வயது பத்து லட்சம் வருஷத்துக்கும் குறைவு. மிகச் சில செடிகளில் தொடங்கி, தன் மகரந்தத்தாலேயே காய்த்து, யேமன் வழியாக வந்த கொஞ்ச விதையில் பரவிய பயிர் அது. துரை மலை மலையா நட்டது கிட்டத்தட்ட ஒரே செடி. ஒன்றைத் தொட்ட துரு எல்லாவற்றையும் தொட்டது. 1927இல் தீமோரில் கண்டெடுத்த, ரொபஸ்டா கலந்த ஒரு செடி துருவைத் தாங்கியது. பின்னாளில் பல கோப்பி இனங்களை அதிலிருந்துதான் உருவாக்கினாங்க.

வெலிமடைத் தோட்டங்களில் இன்றைக்கு உருளைக்கிழங்கு. அதுவும் நான்கு தொகுதி நிறமூர்த்தம் கொண்ட பயிர். கிழங்கையே வெட்டி நடுவதால் வயல் முழுக்க ஒரே செடி. மடுல்சீமையை வாசிக்கிறவங்க இந்த வயலையும் சேர்த்து வாசிக்கணும்.